வேற்றூர்ப் பெயர் தாங்கிய தீயணைப்பு வண்டிகள்

தெற்குக் கலிபோர்னியாவில் நாங்கள் குடியேறிய முதல் ஆண்டின் அக்டோபரில், வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றில் மெல்லிய புகை எழுந்தது. ஒரு வண்டி வரும், போதாவிட்டால் மற்றொன்றை அழைப்பார்கள் என்று எண்ணியிருந்த எனக்கு, சில நிமிடங்களில் ஆறேழு வண்டிகளும், மண் தள்ளும் புல்டோசரும், தலைக்கு மேல் ஹெலிகாப்டரும் வந்து சேர்ந்தது மிகையாகவே தோன்றியது.

தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அடுத்த வீட்டுப் பெரியவர்தான் அதை விளக்கினார். முதல் அழைப்புக்கு எத்தனை வண்டிகள் போகவேண்டும் என்பதைப் புகையின் அளவு தீர்மானிப்பதில்லை; வெப்பம், காற்றின் ஈரப்பதம், வேகம், புதர்களின் வறட்சி ஆகியவற்றைக் கொண்டு அந்த நாளுக்கென முன்னதாகவே வகுத்த நிலைதான் தீர்மானிக்கிறது. பாலைவனப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட ‘சாண்டா ஆனா’ காற்று அடிக்கும் நாளில் தீ சரிவில் ஏறத் தொடங்கிவிட்டால், பிறகு அழைக்கப்படும் பத்து வண்டிகளால்கூட முதல் பத்து நிமிடங்களை மீட்டுத் தர முடியாது. தேவையில்லை என்று தெரிந்தால் வந்தவர்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடலாம். அதில் இழப்பு சொற்பம்.

தீ கைமீறும்போது உதவி கேட்பதற்கும் ஒழுங்கு உண்டு. ஒரே வகையைச் சேர்ந்த ஐந்து வண்டிகளும் ஒரு தலைவரும் கொண்ட ‘ஸ்ட்ரைக் டீம்’ என்ற கணக்கில்தான் கேட்கிறார்கள். வீடுகளைக் காக்க நகரத்துப் பெரிய வண்டிகளும், கரடுமுரடான மலைப்பாதைக்கு உயரமான சிறிய வண்டிகளும் தனித்தனியே வரும். மாவட்டத்தில் இல்லையென்றால் மண்டலத்திடம், அங்கும் இல்லையென்றால் மாநிலத்திடம், அதற்கும் அப்பால் ஐடஹோ மாநிலத்து பாய்சியில் உள்ள தேசிய ஒருங்கிணைப்பு மையத்திடம் என்று கோரிக்கை படியேறிச் செல்லும். ஊர்கள் ஒன்றுக்கொன்று உதவும் மாநில ஒப்பந்தம் 1950இலேயே ஏற்பட்டுவிட்டது. ஆயினும் 1970இல் பதின்மூன்று நாட்களில் பதினாறு உயிர்களும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் தீக்கு இரையானபோது, உதவிக்கு வந்த துறைகள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் தடுமாறின. இன்றைய பொதுவான கட்டளை முறை அந்தத் தடுமாற்றத்திலிருந்து பிறந்தது.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்று பெயரிடப்பட்ட இரு பெருந்தீக்கள் ஒரே நாளில் பற்றியபோது, கடும் காற்றினால் அன்றிரவு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறக்க இயலவில்லை. எத்தனை ஒழுங்காக அனுப்பினாலும் காற்றிடம் எடுபடாத இரவுகள் உண்டு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்த வாரம், எங்கள் பகுதியின் வாகன நிறுத்துமிடமொன்றில் ஐந்து வண்டிகள் வரிசையாக நின்றிருப்பதைக் கண்டு, மலை எரிகையில் இவர்கள் ஏன் இங்கே நிற்கிறார்கள் என்று எரிச்சலுற்றேன். களத்துக்கு நேரே பாய்ந்தால் குறுகலான மலைச்சாலை அடைபட்டு, வெளியேறும் மக்களுக்கு வழி இல்லாமல் போகும் என்பதால், பணி ஒதுக்கப்படும்வரை ஓரிடத்தில் காத்திருக்க வேண்டும் என்று பெரியவர் பொறுமையாகச் சொன்னார்.

இப்போது, தீ வேகமாகப் பரவக்கூடிய வானிலை என்று அறிவிக்கும் ‘சிவப்புக் கொடி’ எச்சரிக்கை வந்தால், காரைச் சாலை நோக்கித் திருப்பி நிறுத்திவிட்டு, கடைக்குப் போகும் வழியில் தீயணைப்பு நிலையத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். உள்ளே வேற்றூர்ப் பெயர் எழுதிய வண்டி நின்றால், எங்களுடையது மலைக்குப் போய்விட்டது, அதன் இடத்தைக் காக்க இது வந்திருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.