எப்போ கூப்பிட்டாலும் வருவேன் மேடம்!

ஜிஎன்எம் நர்சிங் படிப்பு முடித்து 6 வருஷம் வார்டு பார்த்தவளுக்கு இன்டர்வியூ என்ன பெரிய விஷயம் என்றுதான் அவிநாசியில் பஸ் ஏறினேன். கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம்.

மருந்து, டோஸ் கேள்வியெல்லாம் சரியாகப் போனது. கடைசியில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், "டபுள் டூட்டி பார்ப்பீங்களா?" என்றார்.

"எப்போ கூப்பிட்டாலும் வருவேன் மேடம்."

"ராத்திரி எட்டு மணிக்கு ஆள் வரலைன்னு போன் பண்ணினா?"

"வீட்டுக்காரர் வண்டியில கொண்டுவந்து விட்டுருவாருங்க."

"அவருக்கு என்ன வேலை?"

"திருப்பூர்ல பனியன் கம்பெனி... நைட் ஷிஃப்ட்டுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம் சிஸ்டர்" என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த இடத்துக்குப் போகும் முன் அத்தையிடம் உட்கார்ந்து பேசினேன். "ராத்திரி பாப்பாவ நான் பாத்துக்கறேன் அம்மிணி. வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போகோணும்" என்றார். அதையும் சேர்த்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

அங்கே இன்டர்வியூ எடுத்த மேடமும் அதே கேள்விதான் கேட்டார். இந்த முறை கணக்காகச் சொன்னேன்: நைட் தொடர்ந்து 6 நாள் பார்ப்பேன், ஞாயிறும் வருவேன். முதல் நாளே சொன்னால் மாதம் இரண்டு எக்ஸ்ட்ரா டூட்டி. நைட் முடித்த கையோடு மார்னிங் மட்டும் முடியாது, தூக்கக் கண்ணோடு ஊசி போட எனக்குப் பயம். முடியாது என்று சொன்னபோது குரல் நடுங்கியது. அவரோ தலையாட்டி எழுதிக்கொண்டார்!

நாமும் கேட்க வேண்டும். எக்ஸ்ட்ரா டூட்டிக்குப் பணமா, காம்ப் ஆஃபா (பதிலுக்கு லீவா)? ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை, எத்தனை நாள் முன்னால் ஒட்டுவார்கள்? ஈவினிங் முடிந்து அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்து வெளியே வர எட்டரை ஆகும், வண்டி உண்டா? அந்நேரத்து பைபாஸ் பஸ்கள் ஊருக்குள் வராமல் மேலேயே இறக்கிவிட்டுப் போவது நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சர்டிபிகேட் ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

நான் எழுந்திருக்கும்போது அந்த மேடம், "அவிநாசின்னா தேருக்கு லீவு கேப்பீங்களே?" என்று சிரித்தார்.

"தீபாவளிக்கு நான் பார்க்கிறேன் மேடம், தேருக்கு மாத்திக் கொடுங்க."

வேலை கிடைத்தது. சித்திரை ரோஸ்டரும் வந்துவிட்டது: தேர் அன்றைக்கு எனக்கு மார்னிங்.