டார்வினில் ஒரு பிப்ரவரி

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் இருக்கும் இந்த டார்வின் ஊருக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. இதன் கதையைச் சொல்லும் 'ஆஸ்திரேலியா' படத்தை இன்றுதான் போட்டோம். பாஸ் லூர்மன் 2008இல் எடுத்தது. இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் என்பதால் பாதியில் நிறுத்திவிட்டோம்.

இறந்தவர்களின் உருவமும் குரலும் இதில் இருக்கலாம் என்று பழங்குடிப் பார்வையாளர்களை எச்சரித்துவிட்டுத்தான் படமே தொடங்குகிறது. மந்திரம் அறிந்த தாத்தா கிங் ஜார்ஜாக வரும் டேவிட் கல்பிலில் 2021 நவம்பரில் காலமானார். படம் வந்தபோது யாரையெல்லாமோ நினைத்துப் போட்ட வரி, இன்று அவருக்கும் சேர்த்தே நிற்கிறது. ஒற்றைக் காலில், கையில் ஈட்டியோடு மலைமேல் அவர் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான்.

பிப்ரவரி 15, சனி

நேற்று பார்த்ததே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1939இல் இங்கிலாந்துச் சீமாட்டி சாரா (நிக்கோல் கிட்மன்) கணவனைத் தேடி வருகிறாள். வந்து சேரும்போது அவன் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். மிஞ்சியிருப்பது ஒரு ஸ்டேஷன். இங்கே ஸ்டேஷன் என்றால் பெரிய மாட்டுப் பண்ணை. அதைக் காப்பாற்ற 1500 மாடுகளை டார்வின் துறைமுகத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். அதற்குத்தான் ஹ்யூ ஜாக்மன் வருகிறார். அவருக்குப் படத்தில் பெயரே கிடையாது. மாடு ஓட்டுகிறவர், அதனால் ட்ரோவர்.

மிரண்ட மாடுகள் பாறை விளிம்பை நோக்கி ஓடிவர, நல்லா என்ற சின்னப் பையன் எதிரில் தனியாக நின்று பாடியே அவற்றை நிறுத்துகிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். படம் எடுத்த குனனுர்ரா ஊர்ப் பக்கத்துச் செம்மண்ணும் செங்குத்துப் பாறையும் அந்தக் காட்சிக்குத் தரும் பலத்தை எந்த அரங்க அமைப்பும் தந்திருக்காது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மீதியையும் பார்த்து முடித்தோம். விருந்து நடக்கும் இரவில் சாராவும் ட்ரோவரும் முத்தமிட, மழை கொட்டத் தொடங்குகிறது. அக்டோபர், நவம்பர் மாதப் புழுக்கத்தில் இங்கே வெந்து, முதல் மழைக்கு வாசலில் போய் நின்றவர்களுக்கு அந்த முத்தம் இன்னும் கொஞ்சம் புரியும்.

ஆனாலும் இது அந்த இருவரின் கதை என்று எனக்குத் தோன்றவில்லை, நல்லாவின் கதை. அம்மா பழங்குடி, அப்பன் வெள்ளைக்காரன். அப்படிப் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவது அன்றைய அரசின் கொள்கை. போலீஸ் வரும்போது தாயும் மகனும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிகிறார்கள். பிள்ளை பிழைத்துக்கொள்கிறான், தாய் மூழ்கிப் போகிறாள்.

"அம்மா, போலீஸ் வந்தா அவன் ஏன் ஒளியணும்? அவன் ஒண்ணும் தப்புப் பண்ணலையே?" என்று மகன் கேட்டான். அவனுக்கு ஒன்பது வயது. இருந்தாலும் சொன்னேன், உள்ளது உள்ளபடி. அதன் பிறகு வெகுநேரம் அவன் பேசவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

படத்தில், பிரித்த பிள்ளைகளை மிஷனரிகள் வைத்திருக்கும் மிஷன் தீவில் ஜப்பானிய வீரர்கள் இறங்குகிறார்கள். அது கற்பனை. டார்வின்மேல் குண்டு வீசியதுதான் நிஜம். 1942 பிப்ரவரி 19 அன்று இரண்டு அலைகளாக 240க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. குறைந்தது 235 பேர் செத்தார்கள். படத்தில் தெரியும் டார்வினில் பெரும்பகுதி குயின்ஸ்லாந்தின் போவன் ஊர். பழைய டார்வினில் குண்டுக்குத் தப்பியதையும் 1974 கிறிஸ்துமஸ் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் க்ரோக்கர் தீவைப் பற்றித் தெரியவந்தது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளை வைத்திருந்த நிஜமான மிஷன் தீவு அது. குண்டு விழுந்த பிறகு, 1942 ஏப்ரலில், 95 பிள்ளைகளும் சில மிஷனரிகளும் அங்கிருந்து கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் படகு, அப்புறம் காட்டு வழியே நடை, லாரி, ரயில். 44 நாள் கழித்து சிட்னி. கிட்டத்தட்ட 5000 கிலோமீட்டர். நம் ஊரில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போனாலும் அவ்வளவு தூரம் வராது.

1500 மாடுகளின் பயணத்தை அவ்வளவு பெரிய திரையில் காட்டினார்கள். இந்த 95 பிள்ளைகளின் நடையும் அதே அகலத்தில், அதே இசையோடு வர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தாயிடமிருந்து ஏற்கெனவே பிரிக்கப்பட்ட பிள்ளைகள், ஒவ்வொரு நாளும் இன்னும் தூரமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வேலை அதிகம். இந்தப் படத்தையே 2023இல் ஆறு பாகத் தொடராக மாற்றி, முடிவையும் மாற்றியிருக்கிறார்கள் என்று தோழி சொன்னாள். வார இறுதியில் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

பள்ளிக்குச் சொல்லிவிட்டு மகனையும் கூட்டிக்கொண்டு எஸ்பிளனேட் நினைவுத்தூணுக்குப் போனேன். முதல் குண்டு விழுந்த நேரமான 9:58க்கு அபாயச் சங்கு ஊதியது. படத்தில் எத்தனையோ சத்தத்தைக் கேட்டாயிற்று, இதைக் கேட்டதும் கால் தளர்ந்தது. மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும், அன்று மூழ்கிய அமெரிக்கக் கப்பல் பியரியின் பீரங்கியைக் காட்டினேன். கப்பல் கிடக்கும் இடத்தை நோக்கியே அதை வைத்திருக்கிறார்கள். அவன் பார்வை அதையும் தாண்டிக் கடலுக்குப் போனது.

"க்ரோக்கர் தீவு எந்தப் பக்கம்மா?"

வடகிழக்கே கை காட்டினேன்.

"அந்தப் பிள்ளைங்க திரும்பி வந்தாங்களா?"

போர் முடிந்து 1946இல் பல பேர் தீவுக்குத் திரும்பினார்கள் என்று சொன்னேன்.

"தீவுக்கா? அவங்க அம்மாகிட்ட இல்லையா?"