எந்த ஐ7?

ரீஃபர்பிஷ்ட் (பழையதைச் சரிசெய்து விற்கும்) டெஸ்க்டாப் விளம்பரங்களில் 'ஐ7, 16 ஜிபி ராம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் புராசஸர் வரிசைகள். எந்த ஐ7 என்பது மட்டும் இருக்காது. ஐ7-2600 என்றால் 2011-ல் வந்த சரக்கு. 2017-ன் சாதாரண ஐ3-8100 அதற்கு ஈடுகொடுக்கும், மின்சாரமும் குறைவாக இழுக்கும்.

கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 8500 எட்டாம் தலைமுறை, 10500 பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும் (ஓரிரு விதிவிலக்குகள் உண்டு), கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏழாம் தலைமுறையில் குறுக்குவழியில் ஏற்றலாம்தான். ஆனால் வருடாந்திரப் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் கைவேலை. லினக்ஸ் போதும் என்பவருக்கு நான்காம் தலைமுறையே தாராளம்.

தேட வேண்டியவை: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720, எம்920. இவற்றுக்கு முந்தைய 3050, ஜி3, எம்710 எல்லாம் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே ஆறு அல்லது ஏழாம் தலைமுறை. பிறகு புராசஸரை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சாக்கெட் (புராசஸர் உட்காரும் இடம்) பெயர் ஒன்றுதான், ஆனால் அந்த போர்டு எட்டாம் தலைமுறையை ஏற்காது.

என் தேர்வு ஐ5-8500: ஆறு கோர். ராம் 16 ஜிபி, ஒரே குச்சியாக இல்லாமல் 8+8 ஆக. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் அந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். கையடக்க மைக்ரோ வகைக்கு லேப்டாப் ராம்தான் பொருந்தும்.

கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டியை விட்டு டவரை வாங்குங்கள். எஸ்எஃப்எஃப்-ல் பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும், அதுவும் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் 75 வாட்டுக்கு உட்பட்டது. பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், கடையில் கிடைக்கும் பொதுவான ஒன்றை மாட்ட முடியாது.

வந்ததும் முதல் வேலை, ஆன் செய்த உடனே ஒரு விசையை அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போவது: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அன்றே திருப்பி அனுப்புங்கள். பழைய அலுவலகத்தின் பூட்டு அது, பேட்டரியைக் கழற்றினால் பெரும்பாலும் போகாது. தேதி பின்னோக்கி ஓடியிருந்தால் பதற்றம் வேண்டாம், சிஆர்2032 பேட்டரி மாற்றினால் சரி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆரோக்கிய சதவீதத்தையும் ஓடிய மணிநேரத்தையும் பாருங்கள். வேலை கொடுத்ததும் விசிறி அலறினால் தூசியைத் துடைத்து புராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வையுங்கள். பழையது பெரும்பாலும் காய்ந்துபோயிருக்கும்.