வாட்சனின் பக்கம்

ஜூன் 3

இரவில் எதைப் படித்துக் காட்டட்டும் என்று கேட்டதற்கு, அண்ணன் "ஹோம்ஸ்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஷெர்லக் ஹோம்ஸின் முதல் நாவலையே எடுத்தேன். 1887இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்த அதன் முழு உரிமையையும் கோனன் டாயில் 25 பவுனுக்கு விற்றுவிட்டார். துப்பறிவாளரின் மேதைமையோடு தொடங்கும் கதை என்றே அது பலர் நினைவில் இருக்கிறது. உண்மையில் அது ஒரு நோயாளியோடு தொடங்குகிறது. ஆப்கானிஸ்தானத்தில் நடந்த மைவாண்ட் போரில் தோளில் குண்டு பாய்ந்து, முர்ரே என்ற பணியாள் சுமைக்குதிரையின் மேல் கிடத்திக் கொண்டுவந்ததால் உயிர் தப்பி, தேறிவரும் வேளையில் பெஷாவரில் குடற்காய்ச்சலில் விழுந்து, எலும்பும் தோலுமாக லண்டனுக்குத் திரும்பிய வாட்சன் என்ற ராணுவ மருத்துவர், உறவென்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லாமல், வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் ஆளைத் தேடுகிறார். வாட்சன் இல்லாமல் ஹோம்ஸ் இல்லை என்று எல்லாரும் சொல்வதுண்டு. அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளில் யாருக்கு யார் தேவைப்பட்டார் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தவர் என்பதை ஹோம்ஸ் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறார். எப்படி இருக்கிறீர்கள் என்று கைகுலுக்கிக் கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஜூன் 4

காய்ச்சல் இல்லை. அறிக்கையும் வரவில்லை.

ஜூன் 6

பெரிய மருத்துவர் இன்று காலையில் வந்தார். கோப்பைத் திறப்பதற்கு முன்பே அண்ணனின் நகங்களையும் கீழ் இமைகளையும் சில நொடிகள் உற்றுப் பார்த்தார். எனக்கு உடனே ஜோசப் பெல் நினைவுக்கு வந்தார். எடின்பரோவில் டாயிலுக்கு மருத்துவம் கற்பித்த அவர்தாம் ஹோம்ஸுக்கு மூலம் என்று டாயிலே எழுதியிருக்கிறார். ஒரு நாள் வந்த நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில், அவர் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவிலிருந்து அண்மையில் விடுவிக்கப்பட்டவர் என்றும், பார்படோஸில் பணியாற்றியவர் என்றும் பெல் சொன்னாராம். வந்தவர் மரியாதை தெரிந்தவர், ஆனாலும் தொப்பியைக் கழற்றவில்லை. படையில் கழற்றும் வழக்கம் இல்லை. வெளியே வந்து வெகுநாள் ஆகியிருந்தால் ஊர் வழக்கத்துக்குப் பழகியிருப்பார். அவருக்கு வந்திருந்த யானைக்கால் நோயோ மேற்கிந்தியத் தீவுகளுக்கு உரியது. மாணவர்களுக்கு அவர் தந்த விளக்கம் இவ்வளவுதான்.

இதை எழுதும்போது ஒன்று தெளிவாகிறது. டாயிலும் மருத்துவர். மருத்துவத் தொழிலின் இரண்டு பாதிகளையும் பிரித்து அவர் இரண்டு மனிதர்களிடம் கொடுத்துவிட்டார்: நோயை அறியும் கண் ஹோம்ஸுக்குப் போயிற்று, நோயாளியின் அருகே உட்கார்ந்திருக்கும் பொறுமை வாட்சனுக்கு வந்தது. முதல் பாதியைத்தான் உலகம் வியக்கிறது. இந்த அறையில் இத்தனை இரவுகள் இருந்த பிறகு, இரண்டாவது எளிய பாதி என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஜூன் 7

இரண்டாவது நாவலில் கடிகாரக் கட்டம் வந்தது. வாட்சன் தம்மிடம் அண்மையில் வந்து சேர்ந்த ஒரு பழைய பைக்கடிகாரத்தைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது, பார்க்கலாம் என்கிறார். ஹோம்ஸ் கீறல்களையும், உள்மூடியில் அடகுக்காரர் பொறித்த எண்களையும், சாவித் துளையைச் சுற்றியுள்ள தடுமாற்றத்தின் தடங்களையும் பார்த்துவிட்டு, வாட்சனின் அண்ணன் வறுமையில் உழன்று, குடிக்கு அடிமையாகி இறந்த கதையை ஒன்றும் பிசகாமல் சொல்லிவிடுகிறார். வாட்சன் எழுந்து நொண்டிக்கொண்டே அறையில் நடக்கிறார். அது அவருடைய அண்ணனின் வாழ்க்கை. ஹோம்ஸுக்கோ கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்டது, அவ்வளவே. பிறகு மன்னிப்புக் கேட்கிறார் என்பது உண்மைதான்; இதை வெறும் சிக்கலாகப் பார்த்ததில், அது நண்பரை எவ்வளவு வருத்தும் என்பதை மறந்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார்.

நொண்டிக்கொண்டே என்று எழுதியிருக்கிறது. முதல் நாவலில் குண்டு பாய்ந்தது தோளில். 1890இல் வந்த இந்த இரண்டாவது நாவலில் காலில். ஆசிரியரின் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். ஆனாலும் ஆயிரம் பேரின் காலடித் தடத்தை அளந்து வைத்திருக்கும் ஹோம்ஸ்கூடத் தம் நண்பரிடம் கால் தாங்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் விட்டது இன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 9

மருத்துவர் வருவதற்குச் சற்று முன்னதாக அண்ணன் என்னைக் கீழே மருந்தகத்துக்கு அனுப்பினார். போனவாரமும் இப்படித்தான் அனுப்பினார். வாங்கிவரச் சொன்ன மருந்து மேசை இழுப்பறையில் பிரிக்காமல் இருக்கிறது.

இரவில் ரைகன்பாக் அருவிக் கதையைப் படித்தேன். ஹோம்ஸும் வாட்சனும் அருவிக்கரையில் நிற்கும்போது ஒரு சிறுவன் கடிதத்தோடு ஓடிவருகிறான்: காசநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் விடுதிக்கு வந்திருக்கிறார், தம் நாட்டு மருத்துவர் ஒருவரையே பார்க்க விரும்புகிறார் என்று. வாட்சன் திரும்பி நடக்கிறார். நோயாளி என்று சொன்னால் வாட்சனால் மறுக்க முடியாது என்பதைக் கடிதம் அனுப்பிய, ஹோம்ஸைக் கொல்லத் தேடிவந்த எதிரி அறிந்திருந்தான். அந்தக் கடிதம் பொய் என்பது ஹோம்ஸுக்கு அப்போதே தெரியும். வெள்ளிச் சிகரெட் பெட்டியின் கீழே விட்டுச்சென்ற குறிப்பில் அதை அவரே எழுதியிருக்கிறார். தெரிந்தே போகவிட்டார். நண்பரைக் காப்பாற்றுவதற்காக என்று எல்லாரும் படிக்கிறார்கள், நானும் இதுநாள்வரை அப்படித்தான் படித்தேன். இன்று படிக்கும்போது, தனியாக நிற்கும் உரிமையைத் தமக்கு எடுத்துக்கொண்டு, கூட நிற்கும் உரிமையை நண்பரிடமிருந்து பறித்துக்கொண்டதாகவே தோன்றியது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். தூங்கவில்லை.

ஜூன் 10

மைக்ராஃப்டுக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் 11

நேற்று எழுதிய ஒரு வரியை விட்டு மனம் நகரவில்லை. அருவியில் விழுந்து இறந்ததாக நம்பவைக்கப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளில் ஹோம்ஸ் திபெத்துக்குப் போகிறார், பாரசீகத்தைக் கடக்கிறார், மெக்காவைப் பார்க்கிறார், கார்ட்டூமுக்குப் போகிறார், பிரான்சில் நிலக்கரித் தார் பற்றி ஆராய்ச்சிகூடச் செய்கிறார். பணம் வேண்டியிருந்ததால் உடன்பிறந்த அண்ணன் மைக்ராஃப்டிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறார். வாட்சனுக்கு எழுதப் பலமுறை பேனாவை எடுத்ததாகவும், அவருடைய அன்பே ரகசியத்தை வெளிப்படுத்திவிடும் என்று அஞ்சி நிறுத்திக்கொண்டதாகவும் திரும்பி வந்த பிறகு சொல்கிறார். அதே மூன்று ஆண்டுகளில் வாட்சன் தம் மனைவியையும் இழந்துவிட்டார். டாயில் அதை விரித்து எழுதவில்லை, துயரம் என்று ஒரு சொல்லில் கடந்துபோகிறார். கிழட்டுப் புத்தக வியாபாரியின் வேடத்தைக் கலைத்துவிட்டு ஹோம்ஸ் எதிரே நின்றபோது வாட்சன் மயங்கி விழுகிறார். போரைக் கண்ட மருத்துவர் வாழ்நாளில் மயங்கியது அந்த ஒருமுறைதான். எழுந்ததும் ஹோம்ஸின் கையைப் பிடித்துப் பார்த்து மகிழ்கிறார். கோபம் ஒரு வரிகூட இல்லை.

எனக்குக் கோபம் வருகிறது. அன்பு மிகுந்தவர் என்பதே உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்குக் காரணமாக முடியுமானால், அன்பில்லாத ஒருவர்தாம் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத் தகுந்தவர் என்று ஆகிறது. சதுப்புநில வேட்டைநாய் நாவலிலும் இதே கதைதான்: தாம் லண்டனில் இருப்பதாக நம்பவைத்துவிட்டு ஹோம்ஸ் அந்தப் பொட்டல்வெளியில் ஒரு கற்குடிலில் ஒளிந்திருக்கிறார், வாட்சனோ லண்டனுக்கு நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கிறார். அங்கே மட்டும் வாட்சன் வாய்விட்டுக் கேட்கிறார்: என்னைப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள், ஆனால் நம்பவில்லையா என்று. கடிதங்கள் எல்லாம் தம்மிடம் வந்து சேர்ந்ததையும், அவை கை படிந்து கசங்கும் அளவுக்குப் படிக்கப்பட்டதையும் ஹோம்ஸ் காட்டியதும் வாட்சன் தணிந்துவிடுகிறார்.

அறிக்கை திங்கள்கிழமையே வந்துவிட்டதாக ஒரு செவிலியர் பேச்சுவாக்கில் சொன்னார்.

ஜூன் 13

இன்று அண்ணன் எழுந்து உட்கார்ந்து, வெகுநேரம் பேசினார். இந்த இணையைப் போல வேறு எத்தனை இணைகள் உண்டு என்று பட்டியல் போட்டோம். எட்கர் ஆலன் போ 1841இல் படைத்த துப்பறிவாளர் டூபானின் நண்பருக்குப் பெயரே கிடையாது; வியப்பதற்கென்றே வைக்கப்பட்ட ஆள். அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ், வாட்சனைப் போலவே போர்முனையிலிருந்து காயத்தோடு திரும்பியவர். 1932இல் வங்கமொழியில் தோன்றிய வ்யோம்கேஷ் பக்‌ஷி, கதை சொல்லும் அஜித் இருந்த விடுதிக்குப் பொய்ப் பெயரில்தான் வந்து சேருகிறார். அஜித்துக்கும் உண்மை கடைசியில்தான் தெரிகிறது. நம் சுஜாதாவின் கணேஷ், வசந்த் வேறு வகை என்றார் அண்ணன்: வசந்த் வியந்து நிற்பவன் இல்லை, குறுக்கே பேசுபவன். சத்யஜித் ராய் 1965இல் எழுதத் தொடங்கிய ஃபெலுதாவை நான் சொன்னேன். அங்கே கதை சொல்லும் தோப்ஷே நண்பன் இல்லை, தம்பி முறை.

"தம்பி முறை என்றால் எதையும் மறைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீர் கேட்டார்.

ஜூன் 14

பிசாசின் பாதம் என்ற வேரின் கதை. 1910இல் வந்தது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னதால் கார்ன்வாலுக்குப் போன இடத்தில், ஹோம்ஸ் நச்சுப் பொடியை விளக்கில் தூவித் தம்மையும் வாட்சனையுமே சோதனைக்கு உட்படுத்துகிறார். வாட்சனுக்கும் மதி கலங்குகிறது. ஆனால் எதிரே வெளிறி விறைத்த ஹோம்ஸின் முகம் தெரிந்ததும் அவருக்கு எங்கிருந்தோ வலிமை வந்து, நண்பரைக் கட்டியணைத்து வெளியே இழுத்துப்போகிறார். இருவரும் புல்தரையில் விழுந்து கிடக்கிறார்கள். நடுங்கும் குரலில் ஹோம்ஸ் நன்றி சொல்கிறார், மன்னிப்பும் கேட்கிறார். உங்களுக்கு உதவுவது எனக்குக் கிடைத்த பேறு என்று வாட்சன் சொன்ன அடுத்த கணமே ஹோம்ஸ் பழைய கேலிக்குரலுக்குத் திரும்பிவிடுகிறார். அந்தப் பத்தியை மட்டும் வேகமாகப் படித்துக் கடந்துவிட்டேன்.

ஜூன் 16

சாகக் கிடக்கும் துப்பறிவாளர் கதையை அண்ணனே கேட்டு வாங்கினார். மூன்று நாள் உணவும் நீரும் இல்லாமல் கிடந்து, உதட்டில் தேன்மெழுகும் கண்ணில் பெல்லடோனா மருந்தும் இட்டுக்கொண்டு, கொடிய தொற்றுநோய் வந்தவராக ஹோம்ஸ் நடிக்கிறார். வாட்சன் பதறி வந்து தொட்டுப் பார்க்கப் போகும்போது, நீங்கள் அனுபவம் குறைந்த சாதாரண மருத்துவர்தாமே என்று கேட்டு அந்த மனிதரைப் புண்படுத்துகிறார். பிறகு வரும் விளக்கம்தான் என்னை இத்தனை ஆண்டுகளாக இந்தக் கதையோடு கட்டிவைத்திருக்கிறது: நாடித்துடிப்பும் வெப்பமும் ஏறாத ஓர் ஆளை, அருகே வந்திருந்தால் வாட்சன் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். மருத்துவத் திறமையை இகழ்ந்து விலக்கியதே அந்தத் திறமையின் மேல் இருந்த நம்பிக்கையால்தான்.

படித்து முடித்ததும் அண்ணனின் நெற்றியைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கொதிக்கிறது.

ஜூன் 17

தோளா, காலா? யாரிடமும் கேட்காமல் இத்தனை கதைகளையும் அந்த மனிதர் நடந்தே கடந்துவிட்டார்.

ஜூன் 18

ஹோம்ஸ் கதைகள் அறுபதில் இரண்டே இரண்டைத்தான் ஹோம்ஸ் தாமே எழுதியிருக்கிறார். இரண்டும் 1926இல் வந்தவை. எதையும் அலங்கரிக்காமல் உண்மையை மட்டும் எழுதவேண்டும் என்று வாட்சனை ஓயாமல் குறைசொன்னவர், பேனா தம் கைக்கு வந்ததும், வாசகருக்குப் பிடிக்கும்படி எழுதவேண்டியிருக்கிறதே என்று ஒப்புக்கொள்கிறார். சிங்கத்தின் பிடரிக் கதையில், வாட்சன் மட்டும் உடனிருந்தால் இதை எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று ஏங்குகிறார். கதையாகப் பார்த்தால் இரண்டும் சுமார்தான். தம்மைத் தாமே வியந்துகொள்ள ஒருவரால் முடியாது. தம் பக்கத்தில் ஒருவர் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைத் தாமே எழுதவும் முடியாது. அதற்கு இன்னொருவர் வேண்டும்.

ஜூன் 19

பதினொரு மணிக்கு மருத்துவர் வரும் நேரத்தில், கீழே போய்ச் செய்தித்தாள் வாங்கிவரும்படி அண்ணன் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "அருவிக்கரையிலிருந்து இந்தமுறை நான் விடுதிக்குத் திரும்பப் போவதில்லை, அண்ணா" என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மருத்துவர் உள்ளே வந்து என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தபோது, "இங்கேயே இருக்கட்டும், எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்று அண்ணன் அவரிடம் சொன்னார். அவர் கோப்பைத் திறந்தார்.

கேட்டவற்றை நாளை எழுதுகிறேன். இன்றிரவு பிசாசின் பாதத்தை மறுபடியும் படிக்கவேண்டும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். புல்தரைப் பத்தியை இந்தமுறை வேகமாகப் படிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.