காங்கிரீட் அறையில் சப்வூஃபருக்கு இடம் பார்த்த அனுபவம்

பாட்டுக் கேட்பதற்கென்று மாடியில் ஒதுக்கிய அறைக்கு தாழ்ந்த சுரங்களுக்கென்றே தனியாக உள்ள 10 அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, அதைச் செம்மையாக ஒலிக்க வைத்த விவரத்தை எழுதுகிறேன். இது குறித்துப் படிக்கக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள், தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை உள்வாங்கி, இன்னொரு பங்கை வெளியே விட்டுவிடும். நம் வீடுகளின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் காங்கிரீட் தளமும் அதே ஒலியை ஏறக்குறைய முழுவதுமாக அறைக்குள் திருப்பி அனுப்புகின்றன. அதனால் சப்வூஃபரை எங்கே வைக்கிறோம், நாம் எங்கே உட்காருகிறோம் என்ற இரண்டும் நமக்கு மற்ற எல்லா அமைப்புகளையும் விட முக்கியமாகின்றன.

என் அறை 15 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் மோதித் திரும்பும்போது, ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் அதிர்வெண்ணில் நிலை அலை, அதாவது அறையின் சில இடங்களில் உரத்தும் சில இடங்களில் மெலிந்தும் கேட்கும் அலை, உண்டாகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர். அந்தக் கணக்குப்படி நீளவாக்கில் 38 ஹெர்ட்ஸிலும், அகலவாக்கில் 52 ஹெர்ட்ஸிலும், தரைக்கும் கூரைக்கும் நடுவே 57 ஹெர்ட்ஸிலும் என் அறை ஒத்ததிர வேண்டும். நீளவாக்கில் அதன் இரு மடங்கான 76 ஹெர்ட்ஸிலும் இன்னொன்று எழ வேண்டும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே இந்த நான்கு எண்களையும் தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். பின்னால் மைக் வைத்து அளந்தபோது வரைபடத்தில் மேடும் பள்ளமும் எழுந்த இடங்கள் இவற்றுக்கு மிக அருகிலேயே இருந்தன.

இணைப்பு வேலை எளிது. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டியின் சப்வூஃபர் வெளியீட்டிலிருந்து ஒரே கேபிள்தான். ஆனால் இணைத்தவுடனேயே, எதுவும் ஒலிக்காத வேளையிலும், மெல்லிய ரீங்காரம் கேட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கருவிகள் இரு வழிகளில் எர்த்தோடு இணைந்து சுற்று ஏற்பட்டால் அந்த ரீங்காரம் சப்வூஃபரில் நன்றாகவே கேட்கும். கேபிள் டிவியின் கோஆக்சியல் வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டது. அந்த வயரில், எர்த் தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் விடும் ஒரு ஐசொலேட்டரைச் சேர்த்ததோடு பிரச்சினை முடிந்தது. ரீங்காரத்தைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்தான யோசனை அது. யாரும் செய்ய வேண்டாம்.

வீட்டார் வசதிக்காக சப்வூஃபர் முதலில் முன்பக்க மூலையில் அமர்ந்தது; நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்தது. நிலை அலையின் அழுத்தம் சுவரருகில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் இந்த அமைப்பில் 38 ஹெர்ட்ஸும் 76 ஹெர்ட்ஸும் முழு வீச்சில் எழும், எழவும் செய்தன. நாற்காலியை அறையின் நட்டநடுவுக்கு நகர்த்தினால் 38 ஹெர்ட்ஸ் அறவே காணாமல் போகிறது. பின்சுவரிலிருந்து ஐந்து அடி, அதாவது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் போட்டபோதுதான், இரண்டும் அளவோடு கேட்கத் தொடங்கின. நாற்காலியை நகர்த்த ஒரு ரூபாய் செலவில்லை; அது தந்த மாற்றம், பிறகு செய்த எல்லா நுண்ணிய திருத்தங்களும் சேர்ந்து தந்ததை விடப் பெரிது.

அடுத்தது சப்வூஃபரின் இடம். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் இடையிலான விளைவு மாறாது என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸ், ரேலே பிரபு ஆகியோர் காலத்திலிருந்தே ஒலியியலில் நிலைபெற்ற விதி. அதன்படி சப்வூஃபரைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்து, பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து காதைத் தரையருகே கொண்டுபோய்க் கேட்டேன். வேடிக்கையான காட்சிதான் என்றாலும் இதைவிட நம்பகமான எளிய வழி வேறில்லை. மூலையில் எல்லாச் சுரங்களும் ஒரே முழக்கமாகக் கலந்துவிட்டன. இடப்பக்கச் சுவரோரமாக மூலையிலிருந்து நாலடி வந்ததும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒரே எடையில் கேட்டது. அந்த இடம் அறை நீளத்தின் கால் பங்குக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே வைத்த சப்வூஃபர் 76 ஹெர்ட்ஸ் நிலை அலையைக் கிளப்ப முடியாது, 38 ஹெர்ட்ஸையும் மூலையில் வைத்ததைவிடக் குறைவாகவே கிளப்பும். காது சொன்னதும் கணக்குச் சொன்னதும் ஒன்றாக அமைந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அதன் பிறகே அளவீட்டுக்குப் போனேன். யூமிக்-1 என்னும் யூஎஸ்பி மைக்கும், ஆர்.ஈ.டபிள்யூ எனப்படும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் மைக்கை நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, தெரு அடங்கிய பின் அளக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைத்தால் வரைபடம் மாறிவிடுகிறது. ஆகவே வழக்கமாகக் கேட்கும்போது சன்னல் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து அளப்பதுதான் முறை.

தாழ்ந்த ஒலியை சப்வூஃபருக்கும் மற்றதை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். என் ஸ்பீக்கர்களில் 5 அங்குல வூஃபர்தான் என்பதால் அதற்குக் கீழே உள்ள சுமையை இறக்கி வைப்பது அவற்றுக்கும் நல்லது. சப்வூஃபரின் சொந்தக் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட வேண்டும். ரிசீவரும் சப்வூஃபரும் ஆளுக்கு ஒருபுறம் வடிகட்டினால் இடையில் ஒரு பள்ளம் விழும். ஃபேஸ், அதாவது சப்வூஃபரின் அலையும் ஸ்பீக்கர்களின் அலையும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்ற விஷயத்தில் ஒரு நல்ல உத்தி உண்டு. சப்வூஃபரை வேண்டுமென்றே 180 பாகையில் வைத்து, ரிசீவரின் அமைப்பில் கொடுக்கும் அதன் தூரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, 80 ஹெர்ட்ஸில் பள்ளம் மிக ஆழமாக விழும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஃபேஸை மீண்டும் சுழியத்துக்குத் திருப்பினால் அதே இடத்தில் இரண்டும் முழுமையாகக் கைகோக்கும். உச்சத்தைவிடப் பள்ளத்தைக் கண்டறிவது எளிது. இவ்வாறு கிடைத்த தூரம், நாடா பிடித்து அளந்ததைவிடச் சில அடிகள் கூடுதல். சப்வூஃபருக்குள் இருக்கும் டிஜிட்டல் சுற்று ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. ஒரு மில்லி நொடித் தாமதம் ஓரடிக்கும் சற்று அதிகமான தூரத்துக்குச் சமம்.

எஞ்சியிருந்தது 38 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் அளவுக்கு ஒரு மேடு. அதை சப்வூஃபரின் செயலியில் உள்ள, குறிப்பிட்ட அதிர்வெண்ணின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் 5 டெசிபல் தணித்தேன். மேட்டைத் தணிக்கலாம், பள்ளத்தை நிரப்ப முயலக்கூடாது. திரும்பி வரும் ஒலி நேரடி ஒலியை அழிப்பதால் விழும் பள்ளத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் அவ்வளவும் அழிந்துபோகும், ஆம்ப்ளிஃபையர்தான் திணறும். இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் சாய்த்து வைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) அடங்கும் என்பதையும் சோதித்தேன். 38 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 9 மீட்டர். அரையடி மெத்தை அதற்கு எம்மாத்திரம்? வரைபடத்தில் மாற்றமே இல்லை.

20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏறும் ஒலியைப் போட்டபோது அறையிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. பீரோவின் கைப்பிடி, சன்னல் கொக்கி, ஷோகேஸ் கண்ணாடி எல்லாம் கிணுகிணுத்தன. பேஸ் சரியில்லை என்று நினைப்பதில் பாதி இந்தக் கிணுகிணுப்பாகவே இருக்கக்கூடும். ஒட்டும் ஃபெல்ட் துண்டுகள் வைத்ததும் அடங்கின.

சப்வூஃபரின் ஒலியளவை முடிவு செய்ய மிருதங்கத் தனியாவர்த்தனத்தைப் பயன்படுத்தினேன். இடப்பக்கத் தோலான தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி கும்கி கொடுக்கும்போது சுரம் வழுக்கிக்கொண்டு ஏறும். அந்த வழுக்கலில் எந்த ஒரு புள்ளியும் வீங்காமல், வலப்பக்கத்து வலந்தலையும் தொப்பியும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதாகக் கேட்க வேண்டும். ஸ்பீக்கர்களுக்குச் சமம் என்று மைக் காட்டிய அளவைவிட சப்வூஃபரை 3 டெசிபல் கூட்டியபோது அது எனக்கு நிறைவாக இருந்தது. மெல்ல ஒலிக்கும்போது நம் காது தாழ்ந்த சுரங்களை இன்னும் குறைவாகவே உணரும் என்பதால், இந்தச் சிறு கூடுதல் நியாயமானது.

இவ்வளவும் ஒரே நாற்காலிக்கான ஏற்பாடு. பக்கத்தில் இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் 52 ஹெர்ட்ஸ் தலைதூக்குகிறது. அறை அகலத்தின் நடுவில் இருக்கும்வரைதான் அது கேட்காமல் இருக்கும். குடும்பத்தோடு சோபாவில் வரிசையாக அமர்ந்து கேட்பவர்களுக்கு ஒரு பெரிய சப்வூஃபரைவிட இரண்டு சிறியவை நல்லது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தாலே இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாடு பெரிதும் குறைவதைக் காட்டியிருக்கிறது. நான் தனியாகக் கேட்பவன், ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.