தலைகீழாய் நின்ற இலைக் கணக்கு

நேற்று சாயங்காலம், கோத்தகிரியில் மேகம் இறங்கிய நேரம் பார்த்து, சித்தப்பாவின் லினக்ஸ் லேப்டாப்பில் திரை தலைகீழாகிவிட்டது. "பனி உள்ள போயிருக்கும், அடுப்புப் பக்கம் வைங்க" என்றாள் சித்தி. முழங்கால் வலிக்கும் அவளுக்கு அதே வைத்தியம்தான்.

குற்றவாளி பெரியவன். கெமிஸ்ட்ரி பிடிஎஃப் நெட்டுக்குத்தாகத் தெரியணும் என்று டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், திரையைத் திருப்ப 'லெஃப்ட்' கொடுத்திருக்கிறான். படித்து முடித்ததும் 'இன்வெர்ட்டட்' போட்டால், போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பு. நார்மல், லெஃப்ட், ரைட், இன்வெர்ட்டட் நாலும் நாலு நிலை. கல்லட்டி வளைவு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போகாது. பத்துத் தடவை லெஃப்ட் கொடுத்தாலும் ஒரே லெஃப்ட்தான். மீள நார்மல் ஒன்றே வழி. இதைச் சொல்ல ஆளைத் தேடினால், டியூஷனுக்கு ஓடிவிட்டான்.

ரீஸ்டார்ட் பண்ணினாலே போதும், அந்தக் கட்டளைக்கு அவ்வளவுதான் ஆயுசு. ஆனால் அந்த லேப்டாப் எழுந்திருப்பதற்குள் ஒரு டஜன் வர்க்கி தீர்ந்துவிடும். மவுஸும் உதவாது: வலது பக்கம் தள்ளினால் அம்பு இடது பக்கம் ஓடுகிறது, படத்தோடு சேர்ந்து அதுவும் புரண்டதால். கீபோர்டுக்கு மட்டும் பாதிப்பில்லை.

ஆகவே மூடியைத் தட்டையாகச் சாய்த்து வைத்தார்கள். சித்தப்பா கீபோர்டு பக்கம், சித்தி எதிர்ப்பக்கம். அவளுக்கு எல்லாம் நேராகத் தெரிந்தது. நான் போனில். அந்த போன் ஜன்னல் விளிம்பில், அங்கேதான் சிக்னல்.

கண்ட்ரோல், ஆல்ட், டி. டெர்மினல் வந்தது. திரைகளைப் பட்டியலிடவும் திருப்பவும் உதவும் கட்டளை 'எக்ஸ்ரேண்டர்'. முதலில் அதை மட்டும் அடிக்கச் சொன்னேன்.

"எச்டிஎம்ஐ கனெக்டட்."

"முன்னாடி 'டிஸ்' இருக்கா சித்தி?"

"இருக்கு."

"அப்போ அந்த வாயில வெளித்திரை எதுவும் மாட்டலை, அது வேண்டாம். டிஸ் இல்லாத வரி?"

"ஈடிபி ஒண்ணு. அதுலேயே இன்வெர்ட்டட்னு போட்டிருக்கு."

அதுதான் லேப்டாப்பின் சொந்தத் திரை. அடிக்க வேண்டியதைச் சொன்னேன்: எக்ஸ்ரேண்டர், இடைவெளி, ரெண்டு கோடு ஒட்டி அவுட்புட், இடைவெளி, ஈடிபி, ஒரு கோடு, ஒண்ணு, இடைவெளி, ரெண்டு கோடு ரொட்டேட், இடைவெளி, நார்மல். சித்தப்பா எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்தார். அப்படி ஒரு அவுட்புட்டே இல்லை என்றது. ஈ சின்னது, டியும் பியும் பெரியது. இதில் அது ரொம்பக் கறார். மூன்றாம் தடவை நிமிர்ந்தது. நல்லவேளை, திரையை எக்ஸ்11 என்ற பழைய மென்பொருள் நடத்தும் காலத்து மெஷின். அதற்குப் பின் வந்த வேலாண்ட் என்றால் இந்த வழி செல்லாது, செட்டிங்ஸில்தான் திருப்பணும், அந்த மவுஸை வைத்துக்கொண்டு.

இன்று காலை மறுபடி போன்.

"நேத்து தலைகீழாக்குச்சே, அந்த வார்த்தை என்ன?"

"எதுக்கு சித்தப்பா?"

"இல்ல, உன் சித்தி எதிர்ல உக்காந்து வாசிச்சா, நான் தேயிலை ஃபேக்டரி ரசீதைச் சரிபார்த்துடுவேன். நேத்தே 42 கிலோ இலை விட்டுப்போனதைப் புடிச்சுட்டா."

மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய வரியே வரும், நார்மலை மட்டும் அழித்துவிட்டு இன்வெர்ட்டட் போடுங்க என்றேன்.

"ஆர் ஒண்ணா, ரெண்டா?"

பின்னால் சித்தி குரல்: "ஒண்ணுதான். நான்தான் நேத்து பாத்தேனே."