மின்சாரம் போனால் மொலாசஸ் நிற்குமா? ராணிப்பேட்டையில் ஒரு ஹேசாப் ஆய்வு

ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய பேசிக் குரோமியம் சல்பேட்டைத் தயாரிக்கும் புதிய பிரிவு ஒன்றின் வடிவமைப்பில் செயல்முறைப் பொறியாளராகப் பணியாற்றினேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆலைகளில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் அந்தப் பச்சைத் தூள், தொடக்கத்தில் ஆரஞ்சு நிறக் கரைசலாக இருப்பது. சோடியம் டைகுரோமேட் கரைசலில் கந்தக அமிலத்தைச் சேர்த்து, பிறகு சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸைச் சிறுகச் சிறுக விட்டால், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்குகிறது. அப்போது பெரும் வெப்பம் வெளிப்படுகிறது, கரியமில வாயு நுரைத்துக்கொண்டு கிளம்புகிறது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது என்பதை இந்த வட்டாரத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்றின் கழிவுமேடு பல ஆண்டுகளாக இங்கேயே கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததை எல்லோரும் அறிவார்கள்.

அந்தப் பிரிவின் வரைபடங்கள் முடியும் தறுவாயில் ஹேசாப் (HAZOP) ஆய்வை, அதாவது ஆலையில் எங்கே என்ன தவறலாம் என்று குழுவாக அமர்ந்து தேடும் அபாய ஆய்வை நடத்தினோம். முதன்முறையாக இதற்குள் நுழையும் இளம் பொறியாளர்களுக்குப் பயன்படும் என்பதால், அது எப்படி நடந்தது என்பதை எழுதுகிறேன்.

இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தில் 1960களில் உருவான முறை இது. 1974இல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில் 28 பேரைக் கொன்ற வெடிவிபத்துக்குப் பிறகு பிற நிறுவனங்களும் இதைப் பரவலாகக் கைக்கொண்டன. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் போபால் பேரழிவுதான் சட்டத்தை அசைத்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது, 1989இல் அபாயகரமான இரசாயனங்களைக் கையாள்வதற்கான விதிகள் வந்தன. ஆயினும் சட்டம் கேட்கிறது என்பதற்காக மட்டும் நடத்தப்படும் ஹேசாப், கட்டங்கள் நிரம்பிய தடித்த கோப்பாகத்தான் முடியும் என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வுக்கு முந்தைய தயாரிப்பில்தான் பெரும்பாலான உழைப்பு இருக்கிறது. குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்ட் ஐடி வரைபடங்கள் இறுதி வடிவத்தை எட்டியிருக்க வேண்டும். அறையில் உட்கார்ந்துகொண்டு ‘இந்த வால்வு இங்கே வரும்’ என்று வரைபடத்தைத் திருத்தத் தொடங்கினால் அது வடிவமைப்புக் கூட்டமாகிவிடும். புதிய பிரிவுக்கு நீராவி, அழுத்தக் காற்று, குளிர்நீர் மூன்றும் பழைய ஆலையிலிருந்து வருவதாக இருந்ததால், அந்த இணைப்புகளை நேரில் நடந்து பார்த்து வரைபடத்தோடு ஒப்பிட்டோம். அத்துடன், வினையின் வெப்பமும் வாயுவின் அளவும் எண்களாகக் கையில் இருக்க வேண்டும் என்று ஆய்வுத் தலைவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். ஒரு கிலோ சர்க்கரை முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரியமில வாயு உண்டாகும். அறை வெப்பநிலையில் அதன் பருமன் 850 லிட்டருக்கும் மேல். மொலாசஸின் எடையில் பாதியளவு சர்க்கரை என்று வைத்துக்கொண்டாலும், கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் நீராவியும் சேர்ந்துகொள்ளும்போது வினை நடக்கும் கலமான ரியாக்டருக்குள் திரவத்தின் மேலுள்ள காலியிடமும், வாயு வெளியேறும் வென்ட் குழாயும் எவ்வளவு சிறியவை என்பது அந்த ஒரு கணக்கிலேயே புலப்பட்டுவிட்டது.

குழுவில் உற்பத்தி, பராமரிப்பு, கருவியியல், பாதுகாப்பு ஆகிய துறைகளிலிருந்து தலா ஒருவரும், பதிவு எழுதுபவர் ஒருவரும், பக்கத்து ஆலையில் இதே வினையை நீண்ட காலம் ஓட்டி, பிறகு எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த வாலாஜாபேட்டைக்காரரான மூத்த ஆபரேட்டர் ஒருவரும் இருந்தோம். தலைவர் வெளியிலிருந்து வந்தவர். வடிவமைத்தவரே ஆய்வையும் நடத்தக்கூடாது என்பது இந்த முறையின் நல்ல வழக்கங்களில் ஒன்று. முற்பகலில் மட்டுமே அமர்ந்தோம். அது வேலூர் வெயில் உச்சத்தில் இருந்த காலம். மதிய உணவுக்குப் பிறகு யாருக்கும் எந்த அபாயமும் தென்படாது, எல்லாக் கேள்விக்கும் ‘பாதுகாப்பு போதுமானது’ என்ற பதில்தான் வரும்.

ஆய்வின் இயக்கம் எளியது. ஆலையைச் சிறு பகுதிகளாக, அதாவது நோடுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் என்ன நடக்க வேண்டும் என்ற வடிவமைப்பு நோக்கத்தை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஓட்டம், வெப்பநிலை, அழுத்தம், மட்டம் போன்ற அளவுகளோடு ‘இல்லை’, ‘அதிகம்’, ‘குறைவு’, ‘தலைகீழ்’, ‘வேறு’ முதலிய வழிகாட்டுச் சொற்களைச் சேர்த்து, அந்த நோக்கத்திலிருந்து எப்படியெல்லாம் விலகல் நேரலாம், ஏன் நேரலாம், நேர்ந்தால் என்ன ஆகும், தடுக்க என்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேட்க வேண்டும். நாளெல்லாம் ஒரே சீராக ஓடும் ஆலைகளுக்குக் குழாய்களைக் கொண்டு நோடு பிரிப்பது பொருந்தும். எங்களுடையதோ ஒரே ரியாக்டரில் காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் நடக்கும் பேட்ச் ஆலை. ஆகவே குழாய்களோடு செய்முறையின் படிகளையும் நோடுகளாகக் கொள்ள வேண்டும் என்று தலைவர் வற்புறுத்தினார். நேரம் இருமடங்காகும் என்று உற்பத்தித் துறை தயங்கியது, அப்படியே ஆனது. ஆனால் அறையில் அமர்ந்து நாங்கள் கண்டுபிடித்தவற்றில் முக்கியமானவை அனைத்தும் படிகளிலிருந்தே கிடைத்தன, குழாய்களிலிருந்து அல்ல.

மொலாசஸ் சேர்க்கும் படியில் மட்டும் ஒரு முற்பகல் முழுவதும் போனது. முதல் வரைவில், இந்தப் பகுதியின் பழைய ஆலைகளில் உள்ளபடியே, மேல்தளத்துத் தொட்டியிலிருந்து மொலாசஸ் புவியீர்ப்பால் இறங்குவதாக இருந்தது. ‘அஜிடேட்டர் சுழற்சி – இல்லை’, அதாவது ரியாக்டரைக் கிளறும் துடுப்பு நின்றுபோவது என்ற விலகலுக்குக் காரணமாக மின்தடை எழுதப்பட்டது. பாதுகாப்பு என்ன என்று கேட்டபோது, ஜெனரேட்டர் இருக்கிறது, வெப்பநிலை உயர்ந்தால் அலாரம் ஒலிக்கும், ஆபரேட்டர் மொலாசஸ் வால்வை மூடுவார் என மூன்று பதில்கள் வந்தன. அதுவரை அதிகம் பேசாதிருந்த மூத்த ஆபரேட்டர் அப்போது, “கரண்ட் போனா மொலாசஸ் நிக்காது சார், அது பாட்டுக்கு எறங்கிக்கினே இருக்கும். வால்வ மூட மேல்தளத்துக்கு ஏறணும், நைட்டுல லைட்டும் இருக்காது” என்றார். “அப்போ என்னண்ணா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். “ஜெனரேட்டர் வந்ததும் மொதல்ல அஜிடேட்டரத்தான் போடுவோம்” என்றார்.

ஆபத்து முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. கிளறல் நின்ற ரியாக்டரில் இறங்கும் மொலாசஸ் வினைபுரியாமல் ஒரு பக்கமாகத் தேங்குகிறது; அஜிடேட்டரை மீண்டும் இயக்கும் நொடியில், பல மணி நேரத்தில் பரவலாக நடக்க வேண்டிய வினையின் ஒரு பெரும்பகுதி ஒரேயடியாக நடக்கிறது. அடுப்பில் பால் பொங்குவதுபோல் நுரை எழும், ஆனால் எழுவது கொதிக்கும் அமிலமும் டைகுரோமேட்டும் கலந்த திரவம். வென்ட் குழாய் வாயுவுக்கென அளவிடப்பட்டது. நுரை புகுந்தால் அதுவும், வாயுவைக் கழுவும் ஸ்கிரப்பரும் சேர்ந்தே அடைபடும்.

அதன் பிறகு நாங்கள் எழுதிவைத்திருந்த பாதுகாப்புகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தோம். வெப்பநிலை அலாரம் உதவாது. கிளறல் இல்லாதபோது வெப்பமானி தன்னைச் சூழ்ந்துள்ள திரவத்தின் வெப்பத்தை மட்டுமே காட்டும், தேங்கிய பகுதியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மேலும் நீராவி வால்வைக் கட்டுப்படுத்துவதும் அலாரத்தை எழுப்புவதும் ஒரே வெப்பமானி என்பதால், அது பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்; அத்தகைய அலாரத்தைத் தனிப் பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்கவே கூடாது. ஜெனரேட்டரோ பாதுகாப்பாக இல்லாமல் விபத்தைத் தொடங்கிவைக்கும் விசையாக மாறியிருந்தது. மோட்டார் ஓடுகிறது என்ற சமிக்ஞையை நம்பலாமா என்ற கேள்விக்குப் பராமரிப்புத் துறையினர் சிரித்துவிட்டு, மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங் உடைந்தால் மோட்டார் ஓடும், தண்டு நிற்கும் என்றனர்.

பரிந்துரை எழுதும்போது இன்டர்லாக்குகளை, அதாவது ஒரு நிபந்தனை நிறைவேறாமல் இயந்திரத்தை ஓடவிடாத தானியங்கித் தடைகளை அடுக்கும் ஆசை எல்லோருக்கும் வந்தது. தலைவர் எங்களை வேறு பக்கம் திருப்பினார். இல்லாத பொருள் கசியாது என்பது பாதுகாப்பு நிபுணர் டிரெவர் கிளெட்ஸ் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கருத்து. அதன்படி, மேல்தளத் தொட்டியே எதற்கு என்று கேட்டார். முடிவில் அந்தத் தொட்டியை நீக்கி, தரைத்தளத்தில் சிறிய தொட்டியொன்றையும், அளந்து செலுத்தும் டோசிங் பம்பையும் வைத்தோம். மின்சாரம் போனால் பம்ப் தானாக நிற்கும். தொட்டியில் ஒரு நேரத்தில் இருப்பது முழுவதும் ரியாக்டருக்குள் போய் ஒருசேர வினைபுரிந்தாலும் வென்ட் தாங்கும்படி அதன் கொள்ளளவைக் குறைத்தோம். அஜிடேட்டர் தண்டின் சுழற்சியை நேரடியாக உணரும் கருவி ‘சுழல்கிறது’ என்று சொன்னால் மட்டுமே பம்ப் ஓடும். இந்த விலகலுக்கு இன்டர்லாக் என்று சேர்ந்தது இது ஒன்றுதான். நின்ற அஜிடேட்டரை மீண்டும் இயக்குவதற்குத் தனிச் செய்முறை எழுதி, பொறுப்பாளர் வராமல் விசையைத் தொடக்கூடாது என்று வைத்தோம்.

நீராவிப் படியில் ‘தலைகீழ் ஓட்டம்’ கவனிக்க வேண்டியதாக இருந்தது. ரியாக்டருக்குள் நேரடியாக நீராவியைச் செலுத்தும் குழாயில், வால்வை மூடியபின் எஞ்சிய நீராவி குளிர்ந்து சுருங்குவதால் வெற்றிடம் உண்டாகி, குரோமிய அமிலக் கரைசலை மேலே உறிஞ்சும். திரும்பா வால்வு அமிலத்தில் அரிபட்டால் அந்தக் கரைசல் நீராவித் தடத்துக்குள்ளேயே வந்துவிடும். காற்றை உள்ளே விட்டு அதைத் தடுக்கும் வெற்றிட முறிப்பானைச் சேர்த்தோம். ‘முன்னதாக’, ‘பிற்பாடு’ என்ற சொற்கள், அமிலத்துக்கு முன் மொலாசஸ் போனால் என்னாகும் என்று கேட்கவைத்தன. அமிலம் போதாத நிலையில் வினை மந்தமாகி மொலாசஸ் தேங்கும், பிறகு அமிலம் வந்ததும் மேற்சொன்னபடி நுரை பொங்குவதே நடக்கும். அமிலம் முழுவதும் இறங்கியதை எடைமானி உறுதிசெய்யாமல் டோசிங் பம்ப் தொடங்காது என்பது அதற்கான தீர்வு. கரைசலைத் தூளாக உலர்த்தும் ஸ்பிரே டிரையர், மூட்டை கட்டும் பகுதி ஆகியவற்றைப் பெரிய விவாதமின்றிக் கடந்தோம்.

வரைபடத்தில் இல்லாதது பற்றியும் சொல்ல வேண்டும். வளாகத்தின் மறுமுனையில், தோல் ஆலைகளுக்கு விற்பதற்கான சோடியம் சல்பைடு மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கிடங்கின் மழைநீர் வடிகாலும் எங்கள் அமிலப் பகுதியின் வடிகாலும் ஒரே தொட்டியில் சேர்வதை, ஓர் இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு நடந்தபோது பாதுகாப்பு அலுவலர் பார்த்தார். சல்பைடும் அமிலமும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். தோல் தொழிலில் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்களைப் பலமுறை பலிகொண்ட வாயு அது. எங்கள் பி அண்ட் ஐடியில் வடிகால் என்பது ஒரு அம்புக்குறியோடு முடிந்திருந்தது. அதே நாளில் யாரோ 2015 ஜனவரி 31ஐ நினைவுபடுத்தினார்கள். இதே சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். சுவரின் வலிமையை எந்த வழிகாட்டுச் சொல்லும் தானாகக் கேட்பதில்லை. வடிகால்களைப் பிரித்ததோடு, எங்கள் கழிவுநீர்த் தொட்டிச் சுவர்களைக் கட்டுமானப் பொறியாளர் தனியே சரிபார்க்க வேண்டும் என்றும் பதிவு செய்தோம்.

அபாய மதிப்பெண் இடும் அட்டவணையைப் பற்றி எனக்கு இன்றும் ஐயம் உண்டு. தீவிரத்தைக் குழு எளிதில் ஒப்புக்கொள்கிறது. நிகழ்வாய்ப்பைக் குறிக்கும் எண்ணில்தான் பேரம் நடக்கிறது, செலவு பிடிக்கும் பரிந்துரையைத் தவிர்க்க விரும்புபவர் அந்த எண்ணைக் குறைத்துப் பேசுகிறார். எனவே பரிந்துரைகளை முடிவு செய்த பின்பே மதிப்பெண் இட்டோம்; அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதற்கு மட்டும் அந்த எண்கள் பயன்பட்டன.

ஒவ்வொரு பரிந்துரைக்கும் பொறுப்பாளரும் கெடுவும் குறிக்கப்பட்டன. முடிந்துவிட்டது என்று கையெழுத்திடும் முன், களத்தில் சோதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மொலாசஸுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பி, டோசிங் ஓடும்போதே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தோம். பம்ப் நின்றது. ஜெனரேட்டர் எடுத்ததும் அஜிடேட்டரும் பம்பும் இரண்டுமே தாமாக ஓடத் தொடங்கின. பேனல் செய்து கொடுத்தவர்கள், அப்படியே ‘ஆன்’ நிலையில் தங்கிவிடும் விசையைப் பொருத்தியிருந்தார்கள். தண்டு சுழல்வதைக் கண்ட இன்டர்லாக்கும் பம்புக்கு அனுமதி கொடுத்துவிட்டது. மின்சாரம் போனால் விடுபட்டு, கையால் அழுத்தினால் மட்டுமே மீளும் தொடக்கிகளாக அவற்றை மாற்றி, சோதனையை மறுபடியும் செய்த பிறகே பரிந்துரைப் பட்டியலில் அந்த வரி மூடப்பட்டது.

உற்பத்தி தொடங்கிய சில காலத்தில், டோசிங் தொட்டி சிறியதாக இருப்பதால் அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது, பெரிய தொட்டி வைக்கலாம் என்று ஒரு கோரிக்கை வந்தது. மாற்றக் கோரிக்கைப் படிவத்தோடு அந்தப் படியின் ஹேசாப் தாள்களை இணைத்து அனுப்பினோம். தொட்டி அதே அளவில் நீடிக்கிறது, நிரப்புவதற்கு மட்டும் தனிக் குழாய் போடப்பட்டிருக்கிறது.